போட் நின்ற ஒன்பது நிமிஷம்

சந்திரா,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா, இருமல் விட்டதா என்பதையெல்லாம் உன் அம்மா தனிக் காகிதத்தில் கேட்டிருக்கிறாள். அவளுக்குப் பதில் போட மறக்காதே, இல்லாவிட்டால் இங்கே என் தலைதான் உருளும். இந்தக் காகிதம் வேறு விஷயத்துக்கு. தமிழில் எழுதுகிறேன். உனக்கு மலையாளம்தான் சரளம், தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாய் என்று தெரியும். தெரிந்தேதான் எழுதுகிறேன். இதை நீ ஓடி ஓடிப் படிக்கக் கூடாது.

நீ எழுதியிருந்ததைத் தமிழில் மாற்றி இன்னொரு தடவை உனக்கே காட்டுகிறேன். "ஓ.பி. சீட்டு பதினோரு மணி வரைக்கும்தான் அப்பா. நீங்கள் கொடுத்த வாட்சை மேஜைமேல் வைத்துக்கொள்கிறேன். முள் பதினொன்றைத் தொட்டதும் ஜன்னலைச் சாத்திவிடுவேன். போன வாரம் மலையடிவாரத்திலிருந்து ஒரு கிழவர், உடம்புக்கு முடியாத மகளைக் கூட்டிக்கொண்டு, இரண்டு பஸ் மாறி வந்தேன் என்று பதினொன்று பத்துக்கு வந்து தட்டினார். அழுதுகூடப் பார்த்தார். நான் அசையவில்லை. நாளைக்கு வாருங்கள் என்று சொல்லிவிட்டேன். பெரிய டாக்டரே கூப்பிட்டு, இப்படி ஒரு ஆள்தான் இந்த ஜன்னலுக்கு வேண்டும் என்றார். மட்டாஞ்சேரி போட் ஜெட்டி மாஸ்டரின் மகனல்லவா நான்!"

நான் இதை உரக்க வாசித்துக்கொண்டிருந்தேன். உன் அம்மா பக்கத்தில் கப்பைக் கிழங்கைத் தோலுரித்துக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைத்தாள். "சந்தோஷமாக்கும், இல்லையா? அச்சு அசல் உங்களை மாதிரியே வந்திருக்கான்" என்றாள். அவ்வளவுதான். மறுபடி கத்தியை எடுத்துக்கொண்டாள். முப்பது வருஷத்துக்கு முன்னால் தாலி கட்டினவள், அவள் எந்தக் குரலில் எதைச் சொல்வாள் என்று எனக்குத் தெரியாதா? அன்றைக்குச் சாப்பாட்டில் எனக்கு மனசு போகவில்லை.

போன வருஷம் நான் ரிடையரானபோது நடந்த விடைகொடுப்பு உனக்கு நினைவிருக்கும். பஜார் ரோட்டுக் கடைக்காரர்கள் மாலை போட்டார்கள். "மாஸ்டரின் மணியைக் கேட்டுத்தான் எங்கள் கடிகாரத்தைத் திருப்பிவைப்போம், இருபத்தெட்டு வருஷத்தில் ஒரு தடவைகூட யாருக்காகவும் போட்டை நிறுத்திவைத்ததில்லை" என்று ஒருவர் பேசினார். நீ முதல் வரிசையில் உட்கார்ந்து கை வலிக்கக் கை தட்டினாய். நான் தலையைக் குனிந்துகொண்டிருந்தேன். அடக்கமான மனுஷன் என்று எல்லாரும் நினைத்தார்கள். அடக்கமுமில்லை, ஒரு மண்ணுமில்லை. ஒரு தடவை நிறுத்தியிருக்கிறேன். யாருக்காக என்று சொன்னால் உனக்குத் தூக்கிவாரிப்போடும். ஆனால் அதற்கு முன்னால் நிறுத்தாத கதையைச் சொல்ல வேண்டும். இரண்டையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் நான் சொல்வது பாதிப் பொய்யாகிவிடும்.

அந்தக் காலத்தில் மட்டாஞ்சேரியில் ஒருவருக்குப் பெரிதாக உடம்புக்கு வந்தால் எர்ணாகுளம் பெரிய ஆஸ்பத்திரிதான் கதி. கண்ணுக்கு நேரே தெரியும் ஊர், நடுவில் காயல். ஒன்று, நம் ஜெட்டியில் போட் பிடிக்க வேண்டும். அதை விட்டால் அடுத்த போட் ஐம்பது நிமிஷம் கழித்து. இல்லையென்றால் தோப்பும்படி போய், பாலத்தைத் தாண்டி, தீவைத் தாண்டி, தேவரா வழியாகச் சுற்றிக்கொண்டு பஸ்ஸில் போக வேண்டும். தோப்பும்படிப் பாலத்தின் நடுத்துண்டைக் கப்பலுக்காகத் தூக்கினார்களானால் தீர்ந்தது. பஸ் நிற்கும், மாட்டுவண்டி நிற்கும், சாகக் கிடக்கிறவனும் நிற்பான். இதெல்லாம் எனக்குத் தெரியாத விஷயமில்லை. ஜெட்டியில் மணி அடிக்கிறவனுக்கு இதைவிடத் தெரிந்தவன் யார்?

சுலைமான் மாமாவை உனக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மழைக்காலத்தில் உன்னை இஞ்சி மூட்டைக்கு நடுவில் உட்காரவைத்துக் கைவண்டியில் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டவர். நீ வேலைக்குப் புறப்பட்ட அன்று உன் டிரங்குப் பெட்டியை ஜெட்டி வரை வைத்துத் தள்ளிக்கொண்டு வந்ததும் அவர்தான். பாலக்காட்டிலிருந்து வந்த ராவுத்தர் வீட்டுக்காரர், நம்மோடு தமிழில்தான் பேசுவார். அவர் பெண்சாதி ஜமீலா இஞ்சிக் கிடங்கில் தோல் சீவப் போவாள். அவர்களுக்கு ஏன் பிள்ளையில்லை என்று நீ சின்ன வயசில் ஒரு தடவை என்னிடம் கேட்டாய். "போய்ப் படி" என்று அதட்டினேன். இன்றைக்குப் பதில் சொல்கிறேன்.

நீ இரண்டாம் கிளாஸ் படித்த வருஷம், ஜூன் மாசத்து இடவப்பாதி மழை பிடித்த சமயம். சாயந்தரம் நாலு பத்து போட். அதற்கு முதல் நாள் ஒரு நல்லமிளகு வியாபாரி, பெரிய கை, குடையும் பையுமாக ஓடி வந்தார். போட் பத்தடி நகர்ந்துவிட்டது. "ஏய் மாஸ்டர், நிறுத்தும்!" என்று அதிகாரமாகக் கத்தினார். நான் கடிகாரத்தைக் கையால் காட்டிவிட்டு உள்ளே போய்விட்டேன். அவ்வளவுதான், பஜார் முழுக்க அதே பேச்சு. சாயாக்கடையில் எனக்காக எழுந்து இடம் கொடுத்தார்கள். "மாஸ்டர்னா இப்படி இருக்கணும், பெரியவன் சின்னவன் பார்க்கப்படாது" என்றார்கள். அன்று முழுக்க என் கால் தரையில் பாவவில்லை.

மறுநாள் நாலு பத்துக்குக் கயிற்றை அவிழ்த்தாயிற்று. சக்கரம் பிடிக்கிற ஸ்ராங்கு வறீது சேட்டன் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஏனென்றால் தெருக்கோடியில், அரிசிக் கிடங்குப் பக்கம், ஒரு கைவண்டி ஓடி வந்துகொண்டிருந்தது. சுலைமான் தள்ளிக்கொண்டு வந்தார். வண்டிமேல் சாக்குப் படுதா விரித்து மூடியிருந்தது. "மாஸ்டரே! அல்லாவுக்காக ஒரு நிமிஷம்! ஒரே நிமிஷம்!" என்று கத்தினார். வறீது சேட்டன் மெதுவாகக் கேட்டார்: "நிக்கட்டே மாஸ்டரே?" நிற்கட்டுமா என்று கேட்கிறார். இரண்டு நிமிஷம் நின்றிருந்தால் வண்டி ஜெட்டிக்கு வந்திருக்கும். நான் மணியை அடித்தேன்.

அந்தப் படுதாவுக்கு அடியில் ஜமீலா இருந்தாள். முதல் பிரசவம், வலி எடுத்து ஒரு பகலாகியும் பிள்ளை வரவில்லை. மருத்துவச்சி கை விரித்துவிட்டு எர்ணாகுளம் கொண்டுபோகச் சொல்லியிருக்கிறாள். அடுத்த போட்டுக்கு ஐம்பது நிமிஷம் உட்கார்ந்திருக்க எந்தப் புருஷனுக்கு மனசு வரும்? சுலைமான் வண்டியைத் திருப்பி, மழையில் தோப்பும்படி வரைக்கும் தள்ளிக்கொண்டே போய்விட்டார். அங்கே பாலத்தைத் தூக்கி வைத்திருந்தார்கள். ஏதோ கப்பல். அரைமணிக்கு மேல் நின்றிருக்கிறார்கள். கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது தாயை மட்டும்தான் காப்பாற்ற முடிந்தது. ஆண் குழந்தை. இனிமேல் உண்டாகாது என்றும் சொல்லிவிட்டார்கள்.

உன் அம்மா அதைக் கேள்விப்பட்டு வந்து என்னைக் கேட்டாள். "மூட்டையென்று நினைத்தேன்" என்றேன். "கைவண்டி, சாக்குப் படுதா, வேறு என்ன நினைப்பேன்? இஞ்சி மூட்டைக்காக யார் போட்டை நிறுத்துவார்கள்?" என்றேன். சாயாக்கடையிலும் அதையே சொன்னேன். எல்லாரும் நம்பினார்கள். நியாயம்தானே, சுலைமான் வண்டியில் எப்போதும் மூட்டைதானே வரும். உன் அம்மாகூட நம்பினாள் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

சந்திரா, நான் பார்த்தேன். படுதா ஓரத்தில் ஒரு கை வெளியே வந்து வண்டிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. கண்ணாடி வளையல். அது யாருடைய கை, எதற்காக வருகிறது என்று எனக்கு அந்த நொடியே தெரியும். ஊரில் எல்லாருக்கும் தெரியும் அவள் நிறைமாசம் என்று. தெரிந்தும் மணியை அடித்தேன். நேற்று மிளகு வியாபாரிக்கு நிற்காதவன் இன்று வண்டிக்காரனுக்கு நின்றால் ஊர் என்ன பேசும் என்ற ஒரே நினைப்புதான் மண்டையில் இருந்தது. சட்டம் என்று சொல்லாதே. சட்டமில்லை. பேர். என் பேர். இதைப் பதினாறு வருஷமாக நான் யாரிடமும் சொன்னதில்லை.

இனி உன் கதை. அதற்கு மூன்று வாரம் கழித்து உனக்குக் காய்ச்சல் வந்தது. தொண்டை வலி என்றாய். உப்புத் தண்ணீர் கொப்புளிக்கச் சொல்லிவிட்டு நான் ஜெட்டிக்குப் போய்விட்டேன், அதுவும் என் தப்பு. இரண்டாம் நாள் காலையில் ஒன்பதரை போட் புறப்பட இரண்டு நிமிஷம் இருக்கும்போது சாயாக்கடைக்காரர் மூச்சு வாங்க ஓடி வந்தார். "மாஸ்டரே, மோனு ஸ்வாசம் கிட்டுந்நில்லா!" என்றார். பிள்ளைக்கு மூச்சு வரவில்லை, உன் அம்மா உன்னை வண்டியில் போட்டுக்கொண்டு வந்துகொண்டிருக்கிறாள் என்று சொன்னார். யார் வண்டி என்று நான் கேட்கவில்லை.

ஒன்பதரை ஆயிற்று. கோர்ட்டுக்குப் போகிறவர்கள், காலேஜ் பிள்ளைகள், குமாஸ்தாக்கள், போட் நிறைய ஆள். வறீது சேட்டன் என்னைப் பார்த்தார். அதே கேள்வி. "நிக்கட்டே மாஸ்டரே?" நிற்கட்டும் என்று தலையை ஆட்டினேன். அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. நல்ல மனுஷன், போய்ச் சேர்ந்துவிட்டார். ஆனால் அன்று அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் என்னோடு இருக்கிறது. மூன்று நிமிஷம் ஆனதும் சத்தம் போட ஆரம்பித்தார்கள். நான் போட்டுக்குள் இறங்கி, "விசிறியில் கயிறு சுற்றியிருக்கிறது, எடுக்கிறார்கள்" என்றேன். போட்டுக்கு அடியில் தண்ணீரைத் தள்ளும் இலையைத்தான் விசிறி என்போம். சீனவலைக் கயிறும் மீன்வலைக் கயிறும் அதில் சுற்றிக்கொள்வது வாரத்துக்கு இரண்டு தடவை நடக்கும் சமாச்சாரம். போட்டில் கயிறு கட்டி அவிழ்க்கிற லாஸ்கர் ஒரு கழியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய், இல்லாத கயிற்றைக் குத்திக் குத்தி எடுத்தான். நல்ல நடிகன். ட்ரிப் புஸ்தகத்தில் தாமதத்துக்குக் காரணம் எழுத ஒரு கட்டம் உண்டு. அதிலும் அப்படியே எழுதினேன். எவ்வளவு சுலபம் பார்த்தாயா? அந்த ஒரு வரி மூன்று வாரத்துக்கு முன்னாலும் என் பேனாவில் இருந்தது.

ஒன்பது நிமிஷம். வண்டி வந்தது. தள்ளிக்கொண்டு வந்தது சுலைமான். வேறு யார் வருவார்கள்? நம் தெருமுனையில் எப்போதும் அவர் வண்டிதானே நிற்கும். சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. செருப்பில்லை, வழியில் எங்கோ கழன்றிருக்கிறது. உன் அம்மா உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு, போட் போய்விடும் என்ற பயத்தில் ஈரப் பலகையில் விழுந்தடித்து ஓடினாள். சுலைமான் பின்னாலிருந்து சொன்னார்: "பைய வாங்க அக்கா. போட் நிக்குது."

குத்திக்காட்டவில்லை. சத்தியமாக இல்லை. வழுக்கி விழுந்துவிடப்போகிறாள் என்று சொன்னார். சொன்ன பிறகுதான் அவருக்கே தான் சொன்னது காதில் விழுந்திருக்க வேண்டும். போட்டைப் பார்த்தார், கட்டியிருந்த கயிற்றைப் பார்த்தார், கழியோடு நின்ற லாஸ்கரைப் பார்த்தார். என்னை மட்டும் பார்க்கவில்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

ஆஸ்பத்திரியில் தொண்டையில் துளை போட்டு உனக்கு மூச்சு கொடுத்தார்கள். கால்மணி நேரம் பிந்தியிருந்தால் கொண்டுவந்தே பிரயோஜனமில்லை என்று டாக்டர் சொன்னார். சட்டைக் காலரால் நீ மறைத்துக்கொள்கிறாயே, அந்தத் தழும்பு அதுதான். காய்ச்சல் மயக்கத்தில் உனக்கு ஒன்றும் நினைவில் நிற்கவில்லை, விழுந்த காயம் என்றுதான் உன்னிடம் சொல்லி வளர்த்தோம். உன் அம்மா மாட்டேன் என்றாள், நான்தான் கட்டாயப்படுத்தினேன். உண்மையைச் சொன்னால் எந்த போட்டில் போனோம் என்று கேட்பாய், எப்படிக் கிடைத்தது என்று கேட்பாய். உன் அப்பாவின் கறார் உன் கண்ணில் குறைந்துவிடும் என்று பயந்தேன்.

அப்புறமும் என் பேர் கூடிக்கொண்டேதான் போயிற்று. அதுதான் பெரிய கொடுமை. ஒருத்தரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டியவர் தினமும் எதிரே வந்து, "மாஸ்டரே, மோனுக்கு இப்ப எப்படி?" என்று விசாரித்தார். பிறகு உன்னை வண்டியில் ஏற்றிப் பள்ளிக்கூடம் கொண்டுபோனார். நான் அவரைப் பார்த்தால் அடுத்த சந்தில் திரும்பிவிடுவேன். அவர் செய்த ஒவ்வொரு நல்லதும் எனக்கு முள்ளாகத்தான் இருந்தது, வெட்கக்கேடு.

இதுவரை புதன்கிழமை எழுதினேன். இதை மடித்து உறையில் போட்டுவிடலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. உன்னிடம் சொல்வது சுலபம், நீ மகன், தூரத்தில் இருக்கிறாய். சொல்ல வேண்டியவரிடம் சொல்லாமல் உனக்கு என்ன புத்தி சொல்வது? இன்று சனிக்கிழமை காலை அவர் வீட்டுக்குப் போனேன். ஜமீலா கிடங்குக்குப் போயிருந்தாள். அவர் வண்டிச் சக்கரத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். எப்படித் தொடங்குவது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போனதெல்லாம் வாசலிலேயே மறந்துபோயிற்று. "சுலைமான், அன்றைக்கு நான் மூட்டையென்று நினைக்கவில்லை. ஜமீலா கையைப் பார்த்தேன்" என்று போட்டு உடைத்துவிட்டேன்.

அவர் எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "தெரியும் மாஸ்டரே" என்றார். "நீங்க பாத்ததை நான் பாத்துட்டுத்தானே நின்னேன்."

அப்புறம் கேட்டேன்: "தெரிஞ்சுமா என் பிள்ளையைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தாய்?"

"பிள்ளை மூச்சுக்கு இழுக்குற சத்தம் வண்டியில கேட்டுச்சு. அப்ப யார் பிள்ளைன்னா நெனைக்கத் தோணும்?" என்றார். எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே, "ஆனா போட் நிக்கிறதப் பாத்ததும் ஒண்ணு தோணுச்சு மாஸ்டரே. அப்ப நிறுத்த முடியும்தான் போலிருக்கு, அப்படின்னு. அதை ஜமீலாட்ட இந்நாள்வரை சொல்லல. நீங்களும் சொல்லப்படாது. முடியாதுன்னு நெனச்சாத்தான் அவளுக்கு ஆறும்" என்றார். உட்காரச் சொன்னார், சாயா கொண்டுவந்து கொடுத்தார். குடித்தேன். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்க எனக்கென்ன யோக்கியதை?

வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "இதைக் கேட்க எனக்குத் தலை நரைக்க வேண்டியிருந்தது" என்றாள். மூட்டைக் கதையை அவளும் நம்பியிருக்கவில்லை.

இப்போது உன் ஜன்னலுக்கு வருகிறேன். எதிர்வீட்டு மாப்பிள்ளை அந்த மலைப் பக்கத்து பஸ்ஸில்தான் கண்டக்டர், உனக்குத் தெரியும். நேரப் பட்டியலோடு காலம் தள்ளினவன் நான், சும்மா இருக்க முடியுமா? கேட்டு வாங்கினேன். மலையடிவாரத்திலிருந்து முதல் பஸ் காலை ஏழேகாலுக்கு. ஆற்றங்கரையில் இறங்கி அடுத்த பஸ்ஸுக்கு ஒன்றரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். அந்த இரண்டாவது பஸ் உங்கள் ஊருக்கு வந்து சேருவதே பதினொன்று ஐந்துக்கு. ஸ்டாண்டிலிருந்து நோயாளியை நடத்திக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வர ஐந்து நிமிஷம். அந்தக் கிழவர் பதினொன்று பத்துக்கு வந்தார் என்றா எழுதினாய்? அவர் ஒரு நிமிஷம்கூடப் பிந்தவில்லை, மகனே. அதற்கு மேல் சீக்கிரம் வர அந்த மலையில் பிறந்த எவனாலும் முடியாது. நாளைக்கு வாருங்கள் என்று அனுப்பினாயே, நாளைக்கும் அதே பஸ்தான், அதே பதினொன்று பத்துதான். உன் ஜன்னல் அவர்களுக்கு என்றைக்குமே திறந்ததில்லை.

அந்தப் பெண் என்ன ஆனாள் என்று விசாரி. அந்தக் கிழவர் எந்த ஊர் என்று அந்த இரண்டாவது பஸ்ஸின் கண்டக்டரிடம் கேட்டால் தெரியும். போய்ப் பார். கூச்சமாயிருக்கும், இருக்கட்டும். பதினாறு வருஷம் கழித்து வண்டிச் சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்று சொல்வதைவிட இது எவ்வளவோ தேவலை.

வாட்சைத் திருப்பி அனுப்ப வேண்டாம், அது பாவம் என்ன செய்தது? மேஜைமேலேயே இருக்கட்டும். முள் பதினொன்றைத் தொட்டதும் எழுந்து போய் வாசலில் நின்று, இரண்டாவது பஸ் வந்துவிட்டதா என்று பார். வந்து, அதிலிருந்து இறங்கின கடைசி ஆள் நடந்து வந்து சேர்ந்த பிறகு ஜன்னலைச் சாத்து. பெரிய டாக்டர் கோபித்துக்கொள்வார். உன் பேர் கெடும். கெடட்டும். ஏன் தாமதம், காரணம் எழுது என்று புஸ்தகத்தை நீட்டினால், விசிறியில் கயிறு சுற்றிக்கொண்டது என்று எழுது. அவர்களுக்குப் புரியாது. எனக்கும் சுலைமானுக்கும் புரியும்.

உன் அப்பா